முகூர்த்த நாளில் காலியாகும் பெஞ்சுகள்

ஆவணியிலும் தையிலும் முகூர்த்தம் வரும் நாள்களில் எங்கள் கல்லூரியில் பையன்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள். கேட்டரிங் வேலை. முந்தின நாள் ராத்திரி ரிசப்ஷனுக்குப் பரிமாறி, விடியற்காலை டிபனுக்கு மறுபடி இலை போட்டு, மதியப் பந்தி முடிந்து பாத்திரங்களை வண்டியில் ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக முடியும். கையில் கிடைக்கும் சில நூறு ரூபாய் தேர்வுக் கட்டணமாகவோ, தங்கைக்கு வாங்கும் நோட்டுப் புத்தகமாகவோ, வீட்டு காஸ் சிலிண்டராகவோ மாறும். பெண் பிள்ளைகளில் சிலர் ஜவுளிக்கடையில் நிற்கிறார்கள், சிலர் மாலையில் டியூஷன் சென்டரில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறார்கள். வருகைப் பதிவேட்டுக்கு இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது. எல்லாமே ஆப்சென்ட்.

நான் வட தமிழ்நாட்டில் ஒரு சிறு ஊரில் இருக்கும் அரசு கலை அறிவியல் கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். உயர்கல்வியின் எதிர்காலம் பற்றிக் கருத்தரங்குகளில் பேசும்போது செயற்கை நுண்ணறிவு, தரவரிசை, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் கிளைகள் என்றுதான் பேச்சு போகிறது. எனக்கு அந்த எதிர்காலம் வகுப்பில் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறது. 2021-22க்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம், அதாவது 18 முதல் 23 வயதுள்ளவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் உயர்கல்வியில் இருப்பவர்களின் அளவு, 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வரும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. இவை பெரிய காரியங்கள், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மாவும் அப்பாவும் கல்லூரியின் உள்பக்கத்தைப் பார்த்திராத வீடுகளிலிருந்து பிள்ளைகள் வந்து சேர்ந்துவிட்டார்கள். சேர்ந்தவர்கள் மூன்று வருஷமும் தாக்குப்பிடித்து, உண்மையிலேயே கற்றுக்கொண்டு வெளியே போகிறார்களா என்பது இனி எங்கள் பொறுப்பு.

இந்தப் பொறுப்பை ஓர் ஆசிரியர் நல்ல மனசை மட்டும் வைத்துக்கொண்டு நிறைவேற்ற முடியாது என்பதுதான் நான் சொல்ல வந்தது. பாவம் பார்த்து இரண்டு மதிப்பெண் கூட்டிப் போடுவதால் யாரும் தேறிவிடுவதில்லை. ஒரு பிள்ளை தடுமாறும்போது தாங்கிப் பிடிக்கப் பக்கத்திலேயே இன்னொரு பிள்ளை இருக்கிற மாதிரி வகுப்பை அமைப்பதுதான் நான் கண்டவரை நிலைத்து நிற்கும் பரிவு.

இந்த எண்ணம் எனக்குள் உறுதிப்படக் காரணம் 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்பவர் செய்த வேலை. அங்கே முதலாண்டு கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று பேராசிரியர்களைக் கேட்டால், ஆர்வம் இல்லை, அடிப்படை சரியில்லை, வீட்டில் ஆதரவு இல்லை, ஏழ்மை என்று பதில் வந்தது. நம் ஊர் ஸ்டாஃப் ரூமில் கேட்கும் அதே பதில்கள். ட்ரைஸ்மன் அதை அப்படியே ஏற்கவில்லை. இருபது கறுப்பின மாணவர்கள், நன்றாகத் தேறிவந்த இருபது சீன வம்சாவளி மாணவர்கள் என்று எடுத்துக்கொண்டு, அவர்கள் எங்கே, எப்படிப் படிக்கிறார்கள் என்று மாதக்கணக்கில் கூடவே இருந்து பார்த்தார். கறுப்பின மாணவர்கள் கடுமையாக உழைத்தார்கள், ஆனால் தனியாக. சீன மாணவர்கள் தனியாகவும் படித்தார்கள், அப்புறம் ஒன்றாக உட்கார்ந்து விடைகளை ஒப்பிட்டார்கள், ஒருவர் தப்பை ஒருவர் திருத்தினார்கள், தேர்வு எப்படி வரும் என்று சேர்ந்து பேசினார்கள். தனியாகப் படித்தவருக்குத் தான் எங்கே தவறுகிறோம் என்பதே தேர்வு முடிவு வந்த பிறகுதான் தெரிந்தது.

அவர் அடுத்துச் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பின்தங்கியவர்களுக்கான வகுப்பு என்று எதையும் அவர் தொடங்கவில்லை. வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, குழுவாக உட்கார்ந்து போடும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். நன்றாக வரவேண்டும் என்று நினைப்பவர்களுக்கான இடம் என்றே மாணவர்களை அழைத்தார். அதில் சேர்ந்த மாணவர்களின் தேர்ச்சி கணிசமாக உயர்ந்தது.

நம் கல்லூரிகளில் இதற்கு நேர் எதிராக நடக்கிறது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் மதிப்பீட்டுக்காக ஒவ்வொரு துறையும் 'ஸ்லோ லேர்னர்', 'அட்வான்ஸ்டு லேர்னர்' என்று இரண்டு பட்டியல் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. மாணவரின் நிலையை அறிந்து உதவத்தான் அந்த ஏற்பாடு. நடைமுறையில், கல்லூரியே நடத்தும் முதல் இன்டர்னல் தேர்வு முடிந்ததும் ஸ்லோ லேர்னர் பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஏறிவிடுகிறது. ரெமிடியல் கிளாஸ் என்று சாயங்காலம் உட்காரவைத்து, காலையில் நடத்திய அதையே மெதுவாக நடத்துகிறோம். தமிழ் வழியில் பன்னிரண்டாவது முடித்துவிட்டு ஆங்கிலப் பாடப்புத்தகத்தோடு மல்லுக்கட்டும் ஒரு பெண், தன் பெயரை அந்தப் பட்டியலில் பார்த்துவிட்டு என்ன நினைப்பாள்? பிள்ளைகளே ஒருவரை ஒருவர் 'ஸ்லோ' என்று கூப்பிட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

எங்கள் துறையில் பட்டியல் ஃபைலில் மட்டும் இருந்தால் போதும் என்று முடிவு செய்தோம். ரெமிடியல் நேரத்தைக் 'கணக்குப் பட்டறை' என்று மாற்றி, விருப்பம் உள்ள எல்லோருக்கும் திறந்துவிட்டோம். நன்றாகப் படிக்கிறவர்களைத் தனியாக அழைத்து, 'உங்களுக்கும் அங்கே வேலை இருக்கு, கணக்கு எல்லாம் கஷ்டமானதுதான்' என்று சொன்னோம். இரண்டு தரப்பும் ஒரே அறையில் உட்கார்ந்தால் யார் எந்தப் பட்டியல் என்று வெளியே தெரியாது.

குழு அமைப்பதில் நான் மிகவும் கவனமாக இருக்கிறேன், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பிள்ளைகளையே பிரிந்துகொள்ளச் சொன்னால் ஊர் வாரியாகப் பிரிவார்கள். ஊர் வாரியாகப் பிரிந்தால் தெரு வாரியாக, தெரு வாரியாகப் பிரிந்தால் சாதி வாரியாகப் பிரிந்ததாக ஆகிவிடும். யாரும் வாய்திறந்து அதைச் சொல்லமாட்டார்கள். நாங்குநேரியில் 2023இல் ஒரு பள்ளி மாணவரும் அவர் தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு அமைந்த நீதியரசர் சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. கையிலுள்ள கயிற்றைக் கழற்றிவிடலாம். வகுப்பில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதில் இருக்கும் கயிற்றை ஆசிரியர்தான் அவிழ்க்க வேண்டும்.

அதற்காக ஒரு மாணவரின் சாதியைக் கேட்பது எனக்கு ஒப்பாது. நான் கேட்பது 'எந்த பஸ்ல வர்றீங்க?' என்று மட்டும்தான். ஒரே பஸ்ஸில், ஒரே ஸ்டாப்பில் ஏறுகிறவர்களை ஒரே குழுவில் போடமாட்டேன். நான்கு பேருக்கு நான்கு வழித்தடம். இது ஒன்றே பெரும்பாலான கலப்பைச் செய்துவிடுகிறது. யாருக்கும் சங்கடம் இல்லை, யாரும் கேள்வி கேட்கவும் முடியாது. இன்னொரு விதி, ஒரு குழுவில் பெண் பிள்ளைகள் இருந்தால் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும். மூன்று பையன்களுக்கு நடுவில் ஒரு பெண் மட்டும் உட்கார்ந்தால் அவள் எழுதிக்கொடுக்கும் ஆளாகத்தான் இருப்பாள், பேசமாட்டாள். குழுவை ஒரு பருவம் முழுவதும் மாற்றுவதில்லை. முதல் சில வாரங்கள் மௌனமாகத்தான் போகும். அந்த மௌனத்தைப் பார்த்துப் பயந்து குழுவைக் கலைத்தால் எல்லாம் வீண்.

கொடுக்கும் கணக்கு ஒருவரால் தனியாகப் பத்து நிமிஷத்தில் போட முடியாததாக இருக்க வேண்டும். எளிய கணக்கைக் கொடுத்தால் கெட்டிக்காரர் போட்டுவிடுவார், மற்ற மூன்று பேரும் பார்த்து எழுதுவார்கள். அது கூட்டுவேலை ஆகாது. எப்சிலான்-டெல்டா வரையறை இதற்கு நல்ல உதாரணம். சார்பின் எல்லை, அதாவது லிமிட், என்றால் என்ன என்பதைக் கறாராகச் சொல்லும் வரையறை அது. விடை எவ்வளவு விலகலாம் என்பது எப்சிலான், அதற்காக உள்ளே போடும் எண் எவ்வளவு விலகலாம் என்பது டெல்டா. மனப்பாடம் செய்து எழுதிவிட்டு, என்னவென்றே தெரியாமல் டிகிரி வாங்கிப் போனவர்கள் எத்தனையோ பேர். ஒரு குழுவில் கேட்டரிங் போகும் பையன் ஒருவன் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான், நான் பக்கத்தில் நின்று கேட்டேன்:

"கல்யாண வீட்டுக்காரர், சாம்பார் அரை வாளிக்கு மேல மிஞ்சவும் கூடாது, குறையவும் கூடாதுங்கிறாரு. அது எப்சிலான். மாஸ்டர் என்ன சொல்லுவாரு? அப்ப நீங்க சொன்ன தலைக்கணக்குல இருபது பேருக்கு மேல கூடவும் கூடாது, குறையவும் கூடாதும்பாரு. அந்த இருபதுதான் டெல்டா. வீட்டுக்காரர் கால் வாளின்னு இறுக்குனா, மாஸ்டர் பத்து பேருன்னு இறுக்குவாரு. எவ்ளோ இறுக்கிக் கேட்டாலும் மாஸ்டர்கிட்ட பதில் இருந்தா லிமிட் இருக்கு."

யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், எது முதலில் வருகிறது, எது அதைப் பொறுத்து அமைகிறது என்ற அந்த வரிசைதான் மாணவர்களுக்குப் பிடிபடாமல் நழுவும் இடம். அவன் அதைச் சரியாகப் பிடித்துவிட்டான். அதே குழுவில் இருந்த ஒரு பெண், 'ஆள் கணக்கு முழு எண்தானே? பாதி ஆள் வருவாரா? டெல்டாவை ஒண்ணுக்குக் கீழே கொண்டுபோனா உன் கதை என்ன ஆகும்?' என்று கேட்டாள். அதிகம் பேசாத பெண். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அவர்கள் மணி அடித்த பிறகும் உட்கார்ந்திருந்தார்கள். உவமை எங்கே உதவுகிறது, எங்கே கைவிடுகிறது, மெய்யெண்கள் ஏன் தேவைப்படுகின்றன என்று பேச்சு போனது. கணிதம் படிப்பது என்பது இதுதான். என் விரிவுரையில் இது நடந்திருக்காது. பேச்சு முழுவதும் தமிழில் நடந்தது. முடிவில் நான்கு பேரும் அவரவர் நோட்டில் ஆங்கிலத்தில் எழுதினார்கள், ஏனென்றால் தேர்வு ஆங்கிலத்தில். அந்த இரண்டாவது வேலையிலும் ஒருவருக்கொருவர் துணை தேவைப்படுகிறது.

மதிப்பெண் விஷயத்தில் நான் கறார். குழுவில் பேசலாம், எழுதுவது தனித்தனியாக. இன்டர்னல் தேர்வு தனித்தனியாக. அசைன்மென்ட்டுக்கு உள்ள மதிப்பெண்ணை மட்டும் குழுவுக்கு வைத்திருக்கிறேன். குழுவிலிருந்து யாரை வேண்டுமானாலும் அழைப்பேன், அவர் போர்டில் வந்து விளக்க வேண்டும், கிடைக்கும் மதிப்பெண் நால்வருக்கும். யாரை அழைப்பேன் என்று தெரியாததால் நன்றாகப் படிக்கிறவர் மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்காமல் இருக்க முடியாது. புரியாதவரும் 'எனக்குப் புரியல' என்று சொல்லாமல் இருக்க முடியாது. 'ஏன் மேம் அவங்களால எங்க மார்க் போகணும்?' என்று தொடக்கத்தில் முணுமுணுப்பு வரும். அது நியாயமான கேள்வி. அந்த மதிப்பெண் சிறியதாக இருப்பதற்கும், திரும்ப ஒருமுறை விளக்க வாய்ப்புத் தருவதற்கும் அதுதான் காரணம்.

பட்டறைக்கு வர முடியாத பஸ் நேரம் உள்ளவர்களுக்காக, எழுபது பேர் உட்காரும் வழக்கமான வகுப்பில் ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991இல் தொடங்கிய முறையைக் கையாளுகிறேன். நான்கு விடைகளோடு ஒரு கேள்வி. ஒரு நிமிஷம் பேசாமல் யோசிக்க வேண்டும். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் விடை எண்ணை விரலால் நெஞ்சோடு சேர்த்துக் காட்ட வேண்டும், அக்கம்பக்கத்தில் தெரியக் கூடாது. அப்புறம் வேறு விடை காட்டிய ஒருவரைத் தேடிப் பேச வேண்டும். மறுபடி விரல். கருவி எதுவும் வேண்டாம், செலவில்லை. விரல் காட்டும் நேரத்தில் தப்பான விடை சொன்னவர் யார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இனி வருகை. எங்கள் பக்கத்தில் 75 சதவீதம் கட்டாயம். அதற்குக் கொஞ்சம் கீழே போனால் வருகைக் குறைவை மன்னிக்கக் கட்டும் கண்டொனேஷன் கட்டணம், இன்னும் கீழே போனால் அந்தப் பருவத் தேர்வை எழுத முடியாது. கட்டணத்துக்குப் பணம் இல்லாமல் வேலைக்குப் போனவரிடம், போனதற்காக இன்னொரு கட்டணம் கேட்கிறோம். இந்த விதி மாற வேண்டும், குறைந்தபட்சம் வேலை செய்து படிப்பவர்களுக்கு மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது ஒரு துறையின் கையில் இல்லை. எங்கள் கையில் இருப்பதைச் செய்கிறோம். பருவம் தொடங்கும்போதே காலண்டரை எடுத்து முகூர்த்த நாள்களைக் குறித்துவிடுவோம். அந்த நாள்களிலும் அதற்கு அடுத்த நாளிலும் இன்டர்னல் தேர்வோ புதுப் பாடமோ வைப்பதில்லை. பருவத்தின் பாதியில் ஒவ்வொரு மாணவருக்கும் இன்னும் எத்தனை நாள் விடுப்பு எடுக்க முடியும் என்று கணக்குப் போட்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவோம். கடைசி வாரத்தில் பட்டியல் வந்து அதிர்வதைவிட இது மேல். வராதவருக்கு அன்றைய கணக்கைக் கொண்டுசேர்ப்பது குழுவின் வேலை. பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் நோட்டைப் படம் பிடித்து அனுப்புவார்கள், ராத்திரி ஆளுக்கொரு குரல் செய்தி. பசங்களுக்கு இது தானாகவே வருகிறது, நாம் இடம் ஏற்படுத்தினால் போதும்.

வழிகாட்டி ஆசிரியர் தன் பொறுப்பில் உள்ள பிள்ளைகளைப் பற்றிக் குறித்துவைக்கும் மென்டார் நோட்டுப் புத்தகம் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறது. ஆசிரியருக்கு இருபது முப்பது பிள்ளைகள், மாதம் ஒரு கையெழுத்து. அதில் 'ஏன் வரல?' என்று கேட்டால் 'உடம்பு சரியில்ல மேம்' என்ற பதில் மட்டுமே வரும். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பினாய், சாப்பிட்டாயா, சாயங்காலம் என்ன வேலை, வீட்டில் படிக்க எங்கே உட்காருவாய் என்று கேட்டால் பேச ஆரம்பிப்பார்கள். ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பிள்ளை காலையில் சாப்பிடாமல் வருவதும், மூன்றாவது ஹவரில் தலை சுற்றுவதும் இப்படித்தான் தெரிய வந்தது.

இங்கே ஓர் எல்லை இருக்கிறது, இளம் ஆசிரியர்களுக்கு அதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நாம் மனநல ஆலோசகர்கள் இல்லை. ஒரு பிள்ளை 'யார்கிட்டயும் சொல்லாதீங்க' என்று தொடங்கினால், சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. 'உன் பாதுகாப்புக்குத் தேவைப்பட்டா இன்னொருத்தர்கிட்ட சொல்லுவேன், உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்' என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உயிர் பற்றிய பேச்சு வந்தால் பிள்ளையைத் தனியாக விடாமல் கூடவே இருந்து, கல்லூரியில் நம்பிக்கையான இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு, மருத்துவ உதவிக்கு அழைத்துப் போக வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416 இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை ஒவ்வொரு வகுப்பறைக் கதவிலும் ஒட்டியிருக்கிறோம். குழுக்களிலும் சொல்லிவைத்திருக்கிறோம், ஏனென்றால் ஒரு பிள்ளையின் முகம் மாறியிருப்பது முதலில் கண்ணில் படுவது பக்கத்து பெஞ்சுக்குத்தான்.

சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்த பிறகு, வீட்டில் எழுதி வரும் அசைன்மென்ட்டுக்குப் பெரிய அர்த்தம் இல்லாமல் போய்விட்டது. பட்டறையில் நான் செல்போனைத் தடுப்பதில்லை. விடையைக் கேட்கட்டும், அது சொல்வது ஏன் சரி, எந்த வரியில் தப்பு என்று நால்வரும் எனக்கு விளக்க வேண்டும். செயலி தரும் நிரூபணத்தில் ஓட்டை கண்டுபிடித்த நாள்களில் அந்தக் குழுவின் உற்சாகத்தைப் பார்க்க வேண்டும். வருங்காலத்தில் விடை எங்கும் கிடைக்கும். அதை நம்பலாமா என்று நாலு பேர் நேருக்கு நேர் உட்கார்ந்து வாதாட ஓர் இடம் வேண்டும், கல்லூரி அந்த இடமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

பிள்ளைகளைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு ஆசிரியர்களைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. அரசுக் கல்லூரிகளில் வகுப்புகளின் பெரும் சுமையைத் தாங்குகிறவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2019இல் வழிகாட்டியது. கைக்கு வருவது அதைவிட வெகு குறைவு. அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாத ஒருவரிடம், மூன்று வருஷம் ஒரு பிள்ளைக்கு மென்டாராக இருங்கள் என்று கேட்பது நியாயமா? எங்கள் பட்டறையை நிரந்தர ஆசிரியரும் கௌரவ விரிவுரையாளரும் ஜோடியாக நடத்துகிறோம், வினாத்தாள் தயாரிப்பதைப் பிரித்துக்கொள்கிறோம், சாயங்கால நேரத்தை வகுப்பு நேரமாகவே கால அட்டவணையில் எழுதிக் கணக்கில் சேர்க்கிறோம். இந்தக் கடைசி ஏற்பாட்டுக்குத்தான் நிறையப் பேச வேண்டியிருந்தது. கணக்கில் வராத உழைப்பாக இருந்திருந்தால் ஒரு பருவத்திலேயே நின்றுபோயிருக்கும்.

இப்போது பட்டறையின் பாதி வேலையை இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு பிள்ளைகள் செய்கிறார்கள். முதலாண்டில் அரியர் வைத்துப் பிறகு தேறியவர்களை நான் தேடிப் பிடிப்பேன். எந்த வரியில் மாட்டிக்கொள்வோம் என்று அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும், முதலாண்டுப் பிள்ளைகளும் 'அக்கா, இது எப்படி வந்துச்சு?' என்று கூச்சமில்லாமல் கேட்கிறார்கள். எல்லோருக்கும் இது பலித்துவிட்டது என்று சொல்லமாட்டேன். படிப்பை நிறுத்திவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள், கல்யாணம் செய்துகொடுக்கப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். அரியரோடு போனவர்களில் சிலர் குழுவின் தோழர்கள் விடாமல் கூப்பிட்டதால் திரும்பி வந்து எழுதித் தேறினார்கள்.

சொல்லிக்கொடுக்கும் இந்த அக்காக்களுக்கும் அண்ணன்களுக்கும் ஒரு சிறு தொகையாவது தர வேண்டும். அவர்களுக்கும் நேரம் என்பது பணம்தான், அதை இலவசமாக வாங்குவது எனக்கு உறுத்துகிறது. அதற்கான நிதித் தலைப்பு கல்லூரியில் இல்லை. முன்னாள் மாணவர் சங்கத்திடமும் பெற்றோர் ஆசிரியர் கழகத்திடமும் எழுதிக் கேட்டிருக்கிறோம். இதற்கிடையில் வேதியியல் துறையிலிருந்து இரண்டு பேர் வந்து எங்கள் கணக்குத் தாள்களை வாங்கிப் போயிருக்கிறார்கள். லேப் நாள்களில் பிள்ளைகள் கிளம்பவே நேரமாகிவிடுவதால், கடைசி பஸ்ஸைத் தவறவிடாமல் எந்த நாளில் வைக்கலாம் என்று அவர்களோடு உட்கார்ந்து அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறோம்.